கீரிப்பாறைச் சாலைக்கு அகல டயர்

நாகர்கோவில் வடசேரியிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குச் சைக்கிள் மிதித்துப் போகிறவருக்கு முதலில் வயலும் குளமும் துணை வரும், பிறகு ரப்பர் மரங்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஒவ்வொரு மழைக்காலம் கழிந்ததும் மலையடிச் சாலைகளில் தார் பெயர்ந்து ஜல்லி தலைகாட்டும். கீரிப்பாறையைக் கடந்து காளிகேசம் பக்கம் போனால் கல்லும் வேரும் ஈர இலையும்தான் பாதை. ஒல்லி டயரில் கல்போல் காற்றடித்துக்கொண்டு இங்கே வருகிறவருக்குக் கை மரத்துப்போகும், ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கும், டியூப் அடிக்கடி பஞ்சராகும்.

அதனால்தான் சைக்கிள் கடைகளில் இந்தப் பேச்சு எழுகிறது.

"அண்ணாச்சி, இந்த வீலுலேயே கொஞ்சம் தடியான டயரு போடலாமா?"

"ஏறும் மக்கா. ஆனா மட்கார்டுல ஒரசும்லா."

கடைக்காரரின் பதிலில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. டயர் ரிம்மில் ஏறுமா என்பது ஒன்று. ஏறிய டயர் பிரேமுக்குள் சுழலுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை மி.மீ. கணக்கில் துல்லியமாக இருக்கிறது; அங்கே 'கிட்டத்தட்ட' என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாவதில் சற்று விட்டுக்கொடுக்கலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான டயரை வாங்கி வீட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

முதலில் ரப்பரைப் பற்றிக் கொஞ்சம். கீரிப்பாறையில் நின்றுகொண்டு டயரைப் பற்றிப் பேசுகிறவர் மரத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1984இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அரசு ரப்பர் கழகத்துக்கு இங்கே தோட்டங்கள் உள்ளன. பால்வெட்டும் தொழிலாளர்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவதற்குக் காரணம் மரத்தின் உடலில் இருக்கிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கி இழக்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களின் அழுத்தம் குறையும். பால் வடிவதும் குறையும். வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். பார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் காயவைக்கிறார்கள். சிரட்டையிலும் பட்டையிலும் தங்கி உறைந்துபோவதை ஒட்டுபால் என்று தனியாகச் சேர்ப்பார்கள்.

இந்த இயற்கை ரப்பரின் தனிக்குணம், இழுத்துவிட்டால் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுவது. செயற்கை ரப்பர்களில் பலவும் அதைவிடக் கூடுதலாக வெப்பமாக்கி வீணடிக்கும். டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு கணமும் நசுங்கி மீள்கிறது. அந்த நசுங்கலில் வெப்பமாகக் கழிந்துபோகும் ஆற்றலைத்தான் நாம் 'சைக்கிள் கனமாக ஓடுகிறது' என்று உணர்கிறோம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உருகாமல், நொறுங்காமல் உறுதிப்படும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்திராவிட்டால் டயர் என்ற பொருளே இருந்திருக்காது.

காற்றடைத்த டயரின் கதையும் அகல டயரின் கதைதான். ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காக அதை மறுபடி உருவாக்கினார். அக்காலத்துச் சைக்கிள்களில் இருந்தது ஒல்லியான கெட்டி ரப்பர் வளையம். அதன் பக்கத்தில் டன்லப்பின் டயர் பருத்துத் தெரிந்தது. 1889 மே 18 அன்று பெல்பாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லியம் ஹியூம் என்ற வீரர் அந்த டயரோடு களமிறங்கிப் பந்தயங்களை வென்றார். காற்று நிறைந்த பருத்த டயர் கெட்டியான ஒல்லி டயரைவிட வேகமாக ஓடும் என்பது உலகுக்கு முதன்முதலில் புலப்பட்ட நாள் அது. இரண்டே ஆண்டுகளில், 1891இல், மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து 'என் ரிம்மில் எந்த டயர் ஏறும்' என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். டயரின் இரண்டு உள்விளிம்புகளிலும் ரப்பருக்குள் எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது. நாம் கையால் இழுத்துப் பார்த்தால் டயர் வளையும், நெளியும். அந்தக் கம்பி வளையம் நீளவே நீளாது. ரிம்மில் அந்த வளையம் அமரும் படியின் விட்டமும் வளையத்தின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். டயர் ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த விட்டம் ஒன்றுதான்.

ஆனால் கடையில் நாம் சொல்வது அந்த விட்டத்தையா? இல்லை. 'இருபத்தாறு', 'இருபத்தெட்டு' என்று அங்குலத்தில் கேட்கிறோம். அந்த 26 அங்குலம் ரிம்மின் அளவே அல்ல. டயரை மாட்டிக் காற்றடித்த பிறகு அதன் வெளிவிட்டம் எவ்வளவு வரும் என்று பழைய காலத்தில் வைத்துக்கொண்ட தோராயம் அது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 26 அங்குலம் என்பது 660 மி.மீ. 26 × 1⅜ டயரின் அகலம் ஏறத்தாழ 35 மி.மீ.; மேலே ஒன்று, கீழே ஒன்று என்று 70ஐக் கழித்தால் மிஞ்சுவது 590. அந்த ரிம்மின் விட்டம் 590தான். 26 × 1½ டயருக்கு 38 மி.மீ. வீதம் 76ஐக் கழித்தால் 584, ரிம்மும் 584. 26 × 1¾ டயருக்கு 89ஐக் கழித்தால் 571, ரிம்மும் 571.

அந்நாளைய சைக்கிள் செய்தவர்கள் சக்கரத்தின் வெளிவிட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, டயரை அகலமாக்கும்போதெல்லாம் ரிம்மைச் சின்னதாக்கினார்கள். பிரேமின் உயரமும் மிதிக்கும் கனமும் மாறாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. பழைய சக்கரத்திலேயே அகல டயர் மாட்ட நினைக்கிற நமக்கோ அது வம்பு. 1⅜ டயர் போட்டிருக்கும் ஒருவர் 'ஒரு நூல் பெரிசு போதும்' என்று 1½ வாங்கினால், அவர் வாங்குவது 6 மி.மீ. சிறிய வளையம். எத்தனை ஸ்பேனர் கொடுத்து நெம்பினாலும் ஏறாது. மறுபுறம், 584 ரிம்மில் 590 டயரைப் போட்டால் ஆபத்து. கையாலேயே தளர்வாக ஏறிவிடும். காற்றடித்ததும் விளிம்பு ரிம்மைத் தாண்டி வெளியே வந்துவிடும், டியூப் வெடிக்கும். அதுவும் இறக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கண்ணி பின்னத்துக்கும் தசமத்துக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் 1½ம் 1.50ம் ஒன்று. டயரில் அப்படியல்ல. நம் ஊர்ப் பெரிய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635 மி.மீ. ரிம், 28 × 1.50 என்று அச்சிட்ட டயருக்கு 622 மி.மீ. ரிம். 13 மி.மீ. வித்தியாசம்! அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த ஷெல்டன் பிரவுன் இதை ஒரு விதியாகவே சொல்லிவைத்தார்: கணக்கில் சமமாக வரும் இரண்டு அளவுகளில் ஒன்று பின்னத்திலும் மற்றது தசமத்திலும் எழுதியிருந்தால், அந்த இரண்டு டயர்களும் ஒன்றுக்கொன்று மாறாது. கியர் சைக்கிள்களில் வரும் 26 × 1.75, 26 × 1.95, 26 × 2.125 ஆகிய தசமக் குடும்பம் முழுக்க 559 மி.மீ. ரிம்முக்கானது. ரிம்மை ஒரே அளவில் நிறுத்தி, டயரை மட்டும் அகலமாக்கிய குடும்பம் அது. அகல டயர் மாட்ட ஆசைப்படுகிறவருக்கு அதிர்ஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகத் தரநிர்ணய அமைப்பு ஐ.எஸ்.ஓ. 5775 என்ற முறையை வகுத்தது. டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டுச் சாய்வாக வெளிச்சம் காட்டிப் பாருங்கள். அங்குல அளவுக்குப் பக்கத்தில், அதைவிடச் சின்ன எழுத்தில், 47-559 என்றோ 37-590 என்றோ 40-635 என்றோ புடைப்பாக இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயரின் அகலம், பின் மூன்று இலக்கம் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ. அளவில். பின் மூன்று இலக்கம் பழைய டயரில் உள்ளதோடு அச்சுப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். முன் இரண்டு இலக்கத்தைத்தான் நாம் கூட்டிக் குறைக்கலாம்.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு ரிம்மின் அகலம் பதில் சொல்லும். இரண்டு உதடுகளுக்கும் இடையே உள்ளே அளந்தால் 19 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 28 முதல் 62 மி.மீ. வரையான டயர்கள் ஏறலாம் என்று தரப்பட்டியல்கள் இடம் கொடுக்கின்றன. 17 மி.மீ. ரிம்மென்றால் 25 முதல் 50 வரை. மேல் எல்லை வரை போக வேண்டாம் என்பது என் கருத்து. ஒடுங்கிய ரிம்மில் மிக அகலமான டயர் அடியில் குறுகி மேலே உப்பி நிற்கும். காற்று சற்றுக் குறைந்தால் வளைவில் பக்கவாட்டில் ஆடும். இறக்கத்தில் ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் இருக்கும். இருப்பதைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி அகலம் போதும்.

அடுத்தது கடைக்காரர் சொன்ன உரசல். 47-559 டயரைக் கழற்றிவிட்டு 57-559 மாட்டுகிறோம் என்று கொள்வோம். பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் பருக்கும், உயரத்திலும் ஏறத்தாழ 10 மி.மீ. கூடும். இடிக்கக்கூடிய இடங்கள் சில உண்டு: முன்போர்க்கின் இரு கால்கள், அதன் தலை, பெடலுக்குப் பின்னால் செயினை ஒட்டிப் பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்கள், மட்கார்டு, பிரேக். பெரும்பாலும் முதலில் காலை வாருவது செயின் பக்கக் குழாய்கள்தான், ஏனென்றால் அங்கே பெடலுக்கும் செயினுக்கும் இடம்விட வேண்டியிருப்பதால் பிரேம் ஒடுங்கியிருக்கும். பள்ளிப் பென்சில் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 7 மி.மீ. புது டயரில் காற்றடித்த பிறகு டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் எல்லா இடத்திலும் அந்தப் பென்சில் நுழைந்து வர வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்க்க வேண்டும், ரிம்மில் சிறிது கோட்டம் இருந்தாலும் ஒரு பக்கம் நெருங்கி வரும். கோட்டம் எடுக்காமல் அகல டயர் மாட்டக் கூடாது. கீரிப்பாறை மாதிரியான இடத்தில் இந்த இடைவெளி இன்னும் முக்கியம். ஈரச் செம்மண்ணும் ரப்பர் இலையும் சேர்ந்து மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால், இடைவெளி குறைந்த சக்கரம் நின்றே போகும்.

பிரேக்கிலும் கவனம் வேண்டும். ரிம்மின் பக்கத்தைக் கவ்வும் பிரேக்கில், காற்று நிறைந்த அகல டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாமல் போகலாம். காற்றை இறக்கிவிட்டுச் சக்கரத்தை மாட்டி, பிறகு அடிக்க வேண்டும். டயர் அகலமாகிவிட்டதே என்று பிரேக் கட்டைகளை அகற்றி வைத்துவிட்டு மலைச்சாலையில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. கட்டை ரிம்மை முழுதாகத் தொடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று இரு பக்கமும் குனிந்து பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாம் பொருந்திவிட்டது. எவ்வளவு காற்று அடிப்பது? அகல டயர் மாட்டியும் பலன் காணாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழைய டயருக்கு அடித்த அதே அழுத்தத்தைப் புதிய டயருக்கும் அடித்துவிடுகிறார்கள்.

காற்றடைத்த குழாயின் சுவரில் உண்டாகும் இழுவிசை, அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. 47 மி.மீ. டயரில் 45 பி.எஸ்.ஐ. அடித்தபோது சுவர் எவ்வளவு விறைப்பாக இருந்ததோ, அதே விறைப்பு 57 மி.மீ. டயரில் 37 பி.எஸ்.ஐ.யிலேயே வந்துவிடும். அங்கேயும் 45 அடித்தால் டயர் முன்னைவிட விறைப்பாகும், ரிம்மின் உதடுகளையும் கூடுதல் பலத்தோடு வெளியே தள்ளும். அகலமான டயர்களின் பக்கவாட்டில் பெரும்பாலும் குறைந்த உச்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் இதுதான்.

அழுத்தம் குறைந்தால் சக்கரம் தரையை எப்படித் தொடும்? ஆளும் சைக்கிளும் சுமையுமாக 90 கிலோ. அதில் 54 கிலோ பின்சக்கரத்தில் விழுகிறது என்று கொள்வோம். 45 பி.எஸ்.ஐ. என்பது சதுர செ.மீ.க்கு 3.16 கிலோ. 54ஐ அதனால் வகுத்தால் 17 சதுர செ.மீ. அவ்வளவு பரப்புதான் தரையில் பதியும். 35 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் 22 சதுர செ.மீ. பதியும். ஈரப் பாதையில் ஜல்லியைப் பற்றிக்கொள்ள இந்தக் கூடுதல் பரப்பு உதவுகிறது. அழுத்தம் மாறாவிட்டால் அகல டயரிலும் பரப்பு அதேதான். வடிவம் மட்டும் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். நீளம் குறைவதால் டயர் நசுங்கும் ஆழம் குறைகிறது, வெப்பமாகிக் கழியும் ஆற்றலும் குறைகிறது. ஒல்லி டயர்தான் எளிதாக உருளும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. சைக்கிள் பந்தய வீரர்களே 23 மி.மீ. டயரை விட்டுவிட்டு 28, 30 மி.மீ.க்கு வந்துவிட்டார்கள்.

கரடான பாதையில் இன்னொரு இழப்பும் உண்டு. விறைத்த டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடும். அப்படித் தூக்குவதற்கான ஆற்றல் முன்னோக்கிப் போகும் வேகத்திலிருந்துதான் பிடுங்கப்படுகிறது; கை, முதுகு, தொடைத் தசைகளின் அதிர்வில் அது வெப்பமாகிப் போய்விடும். மெத்தென்ற டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு உருளும், ஆள் மேலெழுவதில்லை. 47இலிருந்து 57க்குப் போனால் குறுக்குவெட்டில் காற்றின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அந்தக் கூடுதல் காற்றுதான் அதிர்வைத் தாங்குகிறது.

சரியான அழுத்தத்தைப் பம்பு மானி இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நம் பழைய சைக்கிள்களில் வால் டியூப் போட்ட வால்வு காற்றை உள்ளே மட்டும் விடும். மானியை வைத்தாலும் உள்ளழுத்தம் சரியாகத் தெரியாது. அமெரிக்கச் சைக்கிள் எழுத்தாளர் பிராங்க் பெர்ட்டோ காட்டிய வழி இது: ஆள் ஏறி உட்காரும்போது டயர் தன் உயரத்தில் 15 சதவீத அளவுக்கு அமுங்க வேண்டும். 47 மி.மீ. டயருக்கு 7 மி.மீ., 57 மி.மீ. டயருக்கு எட்டு, ஒன்பது மி.மீ. ஆள் உட்காராதபோதும் உட்கார்ந்தபிறகும் தரைக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள தூரத்தை இன்னொருவர் ஸ்கேலால் அளந்தால் போதும். சுமை கட்டுவதாக இருந்தால் சுமையையும் வைத்தே அளக்க வேண்டும். இதற்கும் கீழே காற்றைக் குறைத்தால் கல்லில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கம் பக்கமாக இரண்டு கீறல் விழும். பஞ்சர் ஒட்டும்போது அப்படி இரட்டைக் கீறலைக் கண்டால், முள்ளைத் தேட வேண்டாம். காற்று போதவில்லை என்று அர்த்தம்.

நஷ்டங்களையும் சொல்லிவிட வேண்டும். 57-559 மாட்டினால் சக்கரத்தின் வெளிவிட்டம் 653இலிருந்து 673 மி.மீ. ஆகும். ஒரு மிதிக்கு 3 சதவீதம் கூடுதல் தூரம். தடிக்காரன்கோணத்துக்கு மேலே ஏற்றத்தில் அந்த 3 சதவீதத்தைக் கால் உணரும். கியர் இருந்தால் ஒன்று இறக்கிக்கொள்ளலாம், இல்லாத சைக்கிளில் கொஞ்சம் கஷ்டம். சீட்டும் 1 செ.மீ. உயரும். எடையைப் பற்றிய பயம் மட்டும் தேவையில்லை. டயருக்கு 200 கிராம் கூடினாலும் மொத்த 90 கிலோவில் அது அரை சதவீதம்கூட இல்லை. எடையைவிடப் பெரிய பகை டயரின் விறைப்பு. தடித்த, முறுக்கேறிய பக்கச்சுவர் கொண்ட மட்டமான அகல டயர், நல்ல ஒல்லி டயரைவிடக் கனமாக ஓடும். கடையிலேயே பக்கச்சுவரை இரு விரலால் அமுக்கி மடித்துப் பாருங்கள். எளிதாக மடிந்து மீள்வதுதான் நல்லது.

ஆக, 559 ரிம்மும் 622 ரிம்மும் வைத்திருப்பவர்கள் பிரேம் இடம் கொடுக்கும் அளவுக்குத் தயங்காமல் அகலத்துக்குப் போகலாம். கடைகளில் தேர்வும் இருக்கிறது. 590 ரிம்மும் 635 ரிம்மும் கொண்ட பழைய சைக்கிள்காரர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அந்த விட்டத்துக்கு டயர்கள் பெரும்பாலும் ஒரே அகலத்தில்தான் வருகின்றன. அகலத்துக்காகச் சக்கரம், ரிம், பிரேக் என எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, அதே அளவில் மெத்தென்ற நல்ல டயரை வாங்கி, கல்போல் காற்றடிக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் பலன் கிடைத்துவிடும். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லாச் சைக்கிளில் மலையோரக் கிராமத்துப் பிள்ளைகள் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவரவர் டயரில் இருக்கும் எண்ணைப் படித்துக்காட்டி அதன் பொருளைச் சொல்ல அறிவியல் ஆசிரியர்கள் ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கலாம்.

அடுத்த முறை டயர் வாங்கப் போகும்போது 'இருபத்தாறு கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்து, கோட்டுக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டு போய், அதைச் சொல்லிக் கேளுங்கள். அந்த மூன்று இலக்கம் ஒத்துவராத டயரைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொல்லித் தந்தாலும் வாங்காதீர்கள்.